பி.டி. வாத்தியாரும் மேலவையும்

அல்சூர், பெங்களூரு

அன்பு மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. வாத்தியார்களுக்கென்றே சட்டமன்றத்துக்குள் தனி வாசல் இருக்கிறதாமே என்று கேட்டிருந்தாய். உங்கள் பக்கமும் இருந்ததுதான். பேராசிரியர் அன்பழகன் 1962-ல் ஆசிரியர் தொகுதியில், அதாவது வாத்தியார்கள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதியில் ஜெயித்துத்தான், சட்டமன்றத்தின் இரண்டாவது சபையான மேலவைக்குப் போனார். 1986 நவம்பரில் மேலவையையே மூடிவிட்டார்கள். இங்கே கர்நாடகத்தில் இன்னும் நடக்கிறது. 75 பேரில் 7 பேர் ஆசிரியர் தொகுதிக்காரர்கள்.

அந்த வகையில் பசவராஜ் ஹொரட்டியைத்தான் சொல்லவேண்டும். ஹூப்ளிக்காரர், பி.டி. வாத்தியார், அதாவது உடற்பயிற்சி ஆசிரியர். 1980-ல் மேற்கு ஆசிரியர் தொகுதியில் ஜெயித்தவர் 2022 வரை தொடர்ந்து எட்டு முறை ஜெயித்தார். கல்வி அமைச்சர், மேலவைத் தலைவர் இரண்டும் பார்த்தாயிற்று. எட்டாவது முறை ஜனதா தளத்தை விட்டு பாஜகவில் நின்றார். ஓட்டும் கூடவே போனது. கட்சிக்கு விழுந்த ஓட்டாக எனக்குப் படவில்லை. சம்பள நிலுவை, மானியப் பள்ளியில் காலியிடம், பென்ஷன், இடமாற்றம் இதற்கெல்லாம் ஃபைலை நகர்த்த ஆள் வேண்டும். மேடைப் பேச்சு இந்தத் தொகுதியில் சல்லிக்காசு பெறாது.

ஒரு வேடிக்கை: நிற்பவர் வாத்தியாராக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 30 வயது நிறைந்து, மாநிலத்தில் ஏதாவதொரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சென்னைப் பட்டதாரித் தொகுதி வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பட்டம் ஓட்டுப் போடுபவருக்கு வேண்டும், நிற்பவருக்கு அவசியமில்லை. அதனால் ரியல் எஸ்டேட்காரர்கூட நிற்கலாம்.

ஓட்டுப் போடுபவருக்குத்தான் கெடுபிடி. உன் அக்கா மகள் இங்கே ஹைஸ்கூலில் இருக்கிறாளே, அவளிடம் சொல். பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் போடுவார்கள். போன தடவை பேர் இருந்தது என்று சும்மா இருந்தால் ஓட்டு போச்சு. பேர் சேர்க்கப் படிவம் 19 கொடுக்கவேண்டும். நவம்பர் 1-க்கு முந்தைய 6 வருடத்தில் மொத்தம் 3 வருடமாவது உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் நடத்தியிருக்கவேண்டும். பள்ளித் தலைமையின் சான்று கூடவே போகவேண்டும். தொடக்கப் பள்ளி வாத்தியாருக்கு ஓட்டே கிடையாது. அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவரை ஆசிரியர் கணக்கில் சேர்க்காதது என்ன நியாயமோ!

மெஷின் கிடையாது, சீட்டுதான். சாவடியில் தரும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் பேருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதவேண்டும். 1 மட்டும் கட்டாயம். கன்னட எண்ணில் எழுதலாம், ஆனால் எழுத்தால் ‘ஒன்று’ என்று எழுதினால் செல்லாது. டிக் போட்டாலும், கையெழுத்துப் போட்டாலும், சொந்தப் பேனாவை எடுத்தாலும், இரண்டு பேருக்கு 1 கொடுத்தாலும் அதே கதிதான். நோட்டுத் திருத்திய பழக்கத்தில் டிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்! செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் ஒருவர் வாங்கினால் முடிந்தது. இல்லையென்றால் கடைசி ஆளை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரித்துக்கொண்டே போவார்கள். எண்ணி முடிக்க நள்ளிரவு தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

முக்கியமாக, தொகுதிக்குள் குடியிருக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் ஒசூரில் வீடு, பெங்களூருப் பக்கம் பொம்மசந்திராவில் பள்ளி என்றால் ஓட்டு கிடையாது. உன் அக்கா மகள் இப்போது எந்தப் பக்கம் குடியிருக்கிறாள்? எழுது, படிவத்தை நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்