மி.வா. என்றால் மின் வாரியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லார் வேலையையும் தூக்கிக்கொண்டு போகப்போகிறது என்று உங்கள் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறேன். போகட்டும். அதற்கு முன்னால் நான் பார்க்கும் ஒரு சின்ன வேலையைப் பற்றிச் சொல்ல கொஞ்சம் இடம் கொடுங்கள்.

குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் டேட்டா பிரிவில் வேலை. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போக வேண்டும். பால் எடை, ஷீட், ஒட்டுப்பால், வெட்டுக்கூலி, பாட்டம் (குத்தகை) என்று எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரில் அட்டவணை அட்டவணையாகக் கிடக்கிறது. எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது, அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள் என்று குறித்து வைக்கும் மென்பொருளுக்கு டேட்டா கேட்டலாக் என்று பெயர். ஆபீஸில் நெடுவரிசையைக் 'காலம்' என்றுதான் சொல்வோம். இங்கே அப்படி எழுதினால் நேரத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

டேட்டாபேஸ் என்றால் கேட்டலாக் தானே உள்ளே போய் மேய்ந்து, நெடுவரிசைகளின் பெயரையும் வகையையும் எடுத்து வந்துவிடும். பொருளை எடுத்து வராது. காற்புள்ளியால் பிரித்த வெறும் வரிகளாக இருக்கும் சிஎஸ்வி கோப்பு, அதுவும் தலைப்பு வரி இல்லாதது என்றால் பெயரும் கிடையாது. மனுஷிதான் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். பெயர், வகை, விளக்கம். அடுத்தது. பெயர், வகை, விளக்கம். அடுத்தது. "இதுக்கு ஒரு ஆளுக்குச் சம்பளமா?" என்று மாமியார் கேட்டார். மேனேஜரும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக.

போன வருஷம் பழைய பாட்டப் பதிவேடுகள் என் மேஜைக்கு வந்தன. திருவிதாங்கூர் நாளில் மலையாளத்தில் எழுதத் தொடங்கி, 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு மெல்லத் தமிழுக்கு மாறியவை. மலையாளச் சுருக்கங்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே அடித்து, 38 நெடுவரிசைகளாக யாரோ கொடுத்திருந்தார்கள். தலைப்புகள் தனியாக ஒரு தாளில்: ஆ., மா., ச., மி.வா. இப்படியே போகிறது.

முதல் நாள் 14-ஆவது நெடுவரிசையைச் சேர்க்க மறந்துவிட்டேன். இந்த மாதிரிக் கோப்பில் வரிசைதான் கணக்கு, அதனால் 15-இலிருந்து எல்லாம் ஒரு இடம் நகர்ந்து, பணம் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் பெயர் வந்து நின்றது. அது உடனே கண்ணில் பட்டது, சரி செய்தாயிற்று. சர்வே எண்ணை எண் வகையாக வைக்கக் கூடாது, எழுத்தாக வைக்க வேண்டும் என்பது மட்டும் முன்பே தெரியும். 4/12 என்ற சர்வே எண்ணை எக்ஸெல் டிசம்பர் 4 ஆக்கிவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

மாட்டிக்கொண்டது முதல் நெடுவரிசையில். 'ஆ.' என்றிருந்தது. வகை: எண். விளக்கம்: ஆண்டு. இவ்வளவுதான் எழுதினேன். வேலை முடிந்த மாதிரித்தான் தோன்றியது.

அறிக்கை தயாரிக்கும் தம்பி அந்த விளக்கத்தைப் பார்த்து, 1900-க்குக் கீழே இருக்கும் ஆண்டெல்லாம் தட்டச்சுப் பிழை என்று ஒரு விதி போட்டான். நான் எழுதியதை நம்பி எழுதியவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 1103, 1110, 1127 எல்லாம் வெற்றிடமாகிவிட்டன. அறிக்கையைப் பார்த்த மேனேஜர், "நம்ம முதல் பாட்டமே 1957-லதானா? அப்போ தாத்தா என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டார்.

பாறசாலைப் பக்கம் எங்கள் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்று வெகுநாளாயிற்று. தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணாடியை மாட்டி ஒரு வரி பார்த்தார். "இது கொல்லமாக்கும் மக்களே. 825 கூட்டிப் பாரு."

கூட்டினேன். 1103 என்பது 1928. எனக்கு ஒரே சந்தோஷம், போனை எடுத்துத் தம்பிக்குச் சொல்லப் போனேன். "நில்லு. மாசம் என்னவாக்கும்?" என்றார். கன்னி. "அப்ப 824."

விஷயம் இதுதான். கொல்லம் என்பது மலையாள ஆண்டு. அது சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதனால் 1103 கன்னி (நம் புரட்டாசி) 1927-இல் விழும், அதே 1103-இன் மேடம் (நம் சித்திரை) 1928-இல் விழும். தனு மாதம் (நம் மார்கழி) மட்டும் பாதியில் ஆங்கில ஆண்டு புரளும், அதற்குத் தேதியும் வேண்டும். பதிவேட்டில் 1132 தனு வரைக்கும் கொல்லம், அடுத்த பக்கத்தில் 1957. இரண்டும் ஒரே நெடுவரிசையில். எழுதியவருக்குப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். சிஎஸ்வியில் பக்கம் ஏது?

அங்கேயே மற்றதையும் கேட்டுவிட்டேன். எங்கள் கருவியில் இப்போது விளக்கத்தைத் தானே பரிந்துரைக்கும் வசதி வந்திருக்கிறது. 'ச.' என்பதற்கு அது சதுர அடி என்று எழுதியிருந்தது. "பாட்டம் சதுர அடிக்கா?" என்று சிரித்தார். அது சக்கரம், திருவிதாங்கூர் நாணயம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 'மி.வா.' என்பதற்குக் கருவி கொடுத்தது மின் வாரியம். உண்மையில் மிச்சவாரம். குத்தகைக்காரர் முன்பணமாகக் கொடுத்த காணப் பணத்துக்குரிய வட்டியைப் பாட்டத்தில் கழித்துக்கொண்டு, நிலத்துக்காரரான ஜன்மிக்குக் கொடுக்க வேண்டிய மீதி. மின் வாரியத்தைச் சொன்னதும் கணக்கப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது, அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீரோடு ஓடி வந்தார்.

திரும்பி வந்து 'ஆ.' நெடுவரிசையை எழுத்து வகைக்கு மாற்றினேன். மூலத்தில் உள்ளது அப்படியே இருக்கட்டும் என்று பக்கத்தில் ஆங்கில ஆண்டுக்குப் புதிதாக ஒன்று சேர்த்தேன். விளக்கத்தைத் தமிழில் எழுதப் போனால் அடுத்த தொல்லை. எங்கள் கருவி ஒரு விளக்கத்துக்குக் கொடுக்கும் இடம் 255 பைட். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு 3, ஒகரக் குறிக்கு 3. 'கொல்லம்' என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 6. ஆங்கிலத்திலேயே எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் மிச்சவாரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? இடத்தைக் கூட்டித் தரச் சொல்லி ஐடி பிரிவுக்கு இரண்டு முறை மெயில் போட்டிருக்கிறேன்.

பழைய பதிவேடு என்பதால் வந்த சிக்கல் என்று விட்டுவிட முடியாது. நேற்றைய கணக்கிலும் இதே கதைதான். விவசாயி கொண்டு வரும் ரப்பர் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதுதான் டிஆர்சி. எடையை அதனால் பெருக்கித்தான் பணம். எங்கள் ஒரு கொள்முதல் நிலையத்தில் 34 என்று எழுதுகிறார்கள், இன்னொன்றில் 0.34. இரண்டும் சரிதான். கேட்டலாக்கில் 'டிஆர்சி: டிஆர்சி மதிப்பு' என்று இருந்தது. இப்படி எழுதுவதற்கு எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறது என்று நம்பியாவது யாரும் சராசரி போட்டிருக்க மாட்டார்கள்.

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் டேட்டா அனலிடிக்ஸ் சொல்லித்தரும் மையங்கள் நிறைய வந்துவிட்டன. எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வண்ண வண்ணமாகப் படம் போடத் தெரிகிறது. ஒரு நெடுவரிசையை எடுத்து, இதன் அலகு என்ன, வெற்றிடம் இருந்தால் என்ன பொருள், யாரிடம் கேட்டு எழுதினாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு வாரம் இதைச் சொல்லிக் கொடுங்கள். காசு ஆகும் என்றும் சொல்ல முடியாது. டேட்டாஹப், ஓபன்மெட்டாடேட்டா, அப்பாச்சி அட்லஸ் போன்ற கேட்டலாக் மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் நெடுவரிசைக்கு விளக்கம் எழுத 'கமென்ட் ஆன் காலம்' என்று ஒரு வரிக் கட்டளை இருக்கிறது.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கப்பிள்ளை ஓய்வு பெறும் நாளில் சால்வை போட்டுக் கடிகாரம் கொடுத்து அனுப்புகிறீர்கள். அதற்கு முன் ஒரு மாதம் என்னை மாதிரி ஒருத்தியை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் ஆள் பாறசாலையில் இருந்தார், அவருக்கு நினைவும் இருந்தது. இரண்டும் எல்லாருக்கும் அமையாது.

38-இல் 37 முடிந்துவிட்டது. மிச்சம் 31-ஆவது, 'வ.மு.' என்று தலைப்பு. ஒன்று முதல் ஒன்பது வரை ஏதாவது ஒரு எண், 1957-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கணக்கப்பிள்ளைக்கும் தெரியவில்லை, தன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றார். கருவி என்னவோ 'வருமான முறை' என்கிறது. நான் அதை அழித்துவிட்டு, 'பொருள் தெரியவில்லை' என்று எழுதி, யாரிடம், எந்தத் தேதியில் கேட்டேன் என்பதையும் குறித்திருக்கிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய பாட்டப் பதிவேடு ஏதாவது வீட்டுப் பரணில் வைத்திருக்கும் வாசகர்கள், அதில் வ.மு. என்று எங்காவது கண்டால் உங்கள் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
குழித்துறை