டியூஷன் பிள்ளைங்க சார்பா ஒரு நன்றி

நம்ம டியூஷன் பிள்ளைங்களோட சேந்து பறவை பாக்கவும் கண்டல் (சேத்துல வளர்ற அலையாத்தி மரம்) நடவும் திருவனந்தபுரத்துல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வேன் பிடிச்சு வந்த கம்பெனிக்காரங்களுக்கும், கன்னியாகுமரி பக்கம் உள்ள நம்ம மணக்குடி ஆளுகளுக்கும் சேத்து இத எழுதுதேன், நேர்ல சொல்ல வந்தா எனக்கு தொண்டை அடைச்சிருது.

மொதல்ல ஒண்ண ஒத்துக்கிடுதேன். நீங்க வாறோம்னு போன் பண்ணினப்போ எனக்கு பெருசா சந்தோஷம் இல்ல. முன்னால இன்னொரு கம்பெனி வந்தாங்க, பேர் வேண்டாம், பேனர் கட்டி தொப்பி போட்டு வேப்பங்கன்னு நட்டு, பிள்ளைங்கள வரிசைல நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள கெளம்பிட்டாங்க. தண்ணி ஊத்த ஆளில்ல, கன்னு எல்லாம் கருகிப்போச்சு, பேனர் மட்டும் ஒரு கோழிக்கூட்டுக்கு மேல இப்பவும் கெடக்கு. உங்களையும் அந்த கணக்குலதான் வச்சிருந்தேன், மன்னிச்சிருங்க.

நீங்க ரெண்டாவது சனிக்கிழமையும் வந்தப்போதான் எனக்கு ஆச்சரியம். ஒரு அளவுக்கு மேல உள்ள கம்பெனி லாபத்துல 2 சதவீதத்த சமூகத்துக்கு செலவழிக்கணும்னு 2013 கம்பெனி சட்டத்துல இருக்கு, ஆனா லீவு நாள் தூக்கத்த விட்டுட்டு களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் டிராபிக் பிளாக்ல கெடந்து வரணும்னு எந்த சட்டத்துலயும் இல்ல.

தேரூர் குளத்துக்கு போன அன்னைக்கு நடந்தத சொல்லியே ஆகணும். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022ல ராம்சர் அந்தஸ்து கெடச்சது, உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு அர்த்தம், இத நீங்க சொல்லித்தான் பிள்ளைங்களுக்கு தெரியும், தெனமும் பஸ்ல அந்த வழிதான் போவாங்க. ஆனா உங்க டீம்ல ஒரு அண்ணன் வெள்ளையா நின்னத எல்லாம் கொக்கு கொக்குன்னு சொன்னாரு பாருங்க, ஆறாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி, வகுப்புல வாயே தொறக்காதவ, பைனாகுலர அவர் கைல இருந்து வாங்கி "மூக்க பாருங்கண்ணா, வளைஞ்சிருந்தா அரிவாள்மூக்கன், கீழ பை தொங்கினா கூழைக்கடா" ன்னு பாடம் எடுத்துட்டா. அதுக்கு முந்தின வாரம் நீங்க குடுத்த சார்ட்ட அவ மனப்பாடம் பண்ணிருக்கா. அவர் கோவப்படாம நோட்டுல எழுதிக்கிட்டாரு, அதுக்காகவே தனியா ஒரு நன்றி.

கண்டல் நட்டது வேற கதை. 2004 சுனாமில மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவுல உள்ள பாலமே போச்சு, அத கண்ணால பாத்தவங்கதான் இந்த பிள்ளைங்களோட அம்மா அப்பா, தண்ணில எறங்க விடுன்னு கேட்டா லேசுல சம்மதிப்பாங்களா. வீடு வீடா போய் பேசின அக்காமாருக்கு நன்றி. வனத்துறைல அனுமதி வாங்க கூட நடந்தவங்களுக்கும் நன்றி.

அப்புறம் நம்ம வள்ளக்கார மாமா. எல்லாரும் வித்தோட ரெடியா நிக்கும்போது "இப்ப நடாதீங்க மக்களே, பொழி (ஆறு கடல்ல சேர்ற வாய்) அடைஞ்சு கெடக்கு, தண்ணி எறங்காம நின்னா சின்ன கன்னு அழுகிரும், பொழி தொறந்த பிறவு நடுவோம்" ன்னு ஒரே பேச்சுல நிறுத்திட்டாரு. பிளான் எல்லாம் போட்டு வந்த டீம் லீடர் மேடம் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு சரின்னுட்டாங்க. போட்டோவுக்கு வந்தவங்களா இருந்தா அன்னைக்கே குத்தி வச்சுட்டு போயிருப்பாங்க. பழையாத்து தண்ணி கடலுக்கு எறங்கின பிறவு, முருங்கக்காய் மாதிரி நீளமான அந்த வித்த பிள்ளைங்க ஒவ்வொண்ணா சேத்துல சொருகினாங்க, பாதிக்கு மேல எல பிடிச்சு நிக்கு, நேத்து கூட போய் பாத்தேன்.

டீக்கடை அண்ணாச்சி பேப்பர் கப் வேண்டாம்னு சொன்னதும் எங்கயோ கடன் வாங்கி கண்ணாடி கிளாஸ் அடுக்கிட்டாரு, மரச்சீனி கிழங்கு அவிச்சு மீன்கொழம்போட குடுத்த அம்மாமாரு, வேன் டிரைவர் அண்ணன், எல்லாருக்கும் நன்றி. யார் பேராவது விட்டுருந்தா திட்டாதீங்க.

பிள்ளைங்க "சேத்துக்குள்ள ஷூ வேண்டாம்ணா" ன்னு சொல்ல சொல்ல கேக்காம எறங்கின அண்ணனோட ஒத்த ஷூ பொழி பக்கம் கெடச்சுது. கழுவி டியூஷன் ஜன்னல்ல காய வச்சிருக்கு, அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கிடுங்க.