ஆண்டு விழா மேடைக்கு எந்த ட்ராக்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி ஆண்டு விழாவில் வெஸ்டர்ன் டான்ஸ் என்றாலே பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஆடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் தப்பு பிள்ளைகளிடம் இல்லை, ட்ராக்கில் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டுப் பிடித்துப்போய் எடுத்த பாட்டு, மைதானத்து ஸ்பீக்கரில் வேறு பாட்டாகிவிடும்.

முதலில் வேகம். நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள (பீட்) பாட்டில், துடிப்புக்கு ஒன்றாக நடன அடிகளை எண்ணும் எட்டு எண்ணிக்கை 4 விநாடியில் முடியும். 140 என்றால் மூன்றரை விநாடிகூடக் கிடைக்காது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு 100 முதல் 110 வரை போதும். பெரிய பிள்ளைகள் 125, 130 வரை தாங்குவார்கள். 15 விநாடிக்குத் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கினால் வேகம் தெரிந்துவிடும். கொஞ்சம் அதிகமாக இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதி மாறாமல் டெம்போவை (வேகத்தை) மட்டும் 5, 6 சதவீதம் இறக்கலாம். 10-ஐத் தாண்டினால் குரல் குழற ஆரம்பிக்கும்.

அடுத்தது, பலரும் யோசிக்காதது: ஆடுகிறவர்களுக்குப் பாட்டு கேட்கிறதா? ஸ்பீக்கர்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு பேஸ் மட்டும் 'தும் தும்' என்று வந்து சேரும். ஒலி 34 மீட்டர் கடக்க 0.1 விநாடி ஆகும். எதிரே 50 மீட்டரில் வகுப்பறைக் கட்டடம் இருந்தால், மேடையிலிருந்து போன சத்தம் அதில் மோதித் திரும்ப 0.3 விநாடி. 120 வேகப் பாட்டில் ஒரு துடிப்பே அரை விநாடிதான். எந்தத் துடிப்புக்குக் கால் வைப்பது என்று எட்டு வயதுக் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? மேடையின் இரு ஓரத்திலும் பிள்ளைகளைப் பார்த்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கேளுங்கள். பாட்டிலும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் கைதட்டலோ ஸ்நேர் டிரம் அடியோ தெளிவாக விழ வேண்டும்.

வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தை எடுப்பவர்கள், அதன் தாளம் மூன்று மூன்று எண்ணிக்கை என்பதை மறந்து எட்டெட்டாகப் பிரித்துவிட்டு, மூன்றாவது வரியில் திணறுகிறார்கள். 24-ஆகக் கட்டுங்கள், மூன்றுக்கும் எட்டுக்கும் அதுதான் பொது.

பல பாட்டுகளைக் கோத்து மெட்லி வெட்டும்போது எட்டின் 'ஒன்று' விழும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். பாடகர் மூச்சு விடும் இடம் வெட்ட வசதியாகத் தெரியும். அங்கே வெட்டினால் ஒன்றிரண்டு எண்ணிக்கை காணாமல் போகும். இரண்டு பாட்டுக்கு நடுவே வெறும் டிரம்ஸ் மட்டும் இரண்டு எட்டு விட்டால் பிள்ளைகள் இடம் மாறிக்கொள்வார்கள். மெல்லத் தேய்ந்து மறையும் முடிவு வேண்டவே வேண்டாம். கடைசி போஸுக்கு ஓர் அடி விழ வேண்டும். மூன்றரை நிமிடத்துக்கு மேல் நீட்டினால் பார்க்கிறவர்களுக்கும் தண்டனை.

வரிகளின் அர்த்தத்தைப் பாருங்கள், அது எந்த மொழியானாலும். உலகமே குழந்தைகளை ஆடவிட்ட 'மக்கரெனா'வின் ஸ்பானிய வரிகள், காதலன் ராணுவத்தில் சேரும் நேரத்தில் அவனுடைய இரண்டு நண்பர்களோடு போகும் பெண்ணைப் பற்றியவை. 'கிளீன்' என்று போட்ட பதிப்பும் கெட்ட வார்த்தையைத்தான் எடுத்திருக்கும், விஷயத்தை அல்ல.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் நடக்கும் பள்ளி நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. அதே வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கை நம்ப முடியாது. யூடியூப் அதன் சத்தத்தை அணைத்துவிடவும் கூடும்.

ட்ராக்கை இரண்டு பென் டிரைவில் கொடுங்கள். போனிலிருந்துதான் போட வேண்டுமென்றால் ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் யாராவது அழைத்தால் ஸ்பீக்கரில் ரிங்டோன் அடிக்கும்.

– நடனப் பயிற்றுநர், திருச்சி