அத்தோவுக்கு முந்தைய கதை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பர்மிய நூடுல்ஸ் பலகாரமான அத்தோவை விற்கும் வடசென்னைக் கடைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நாவூற வைத்தன. ஆனால் 1964இல் எங்கோ ஓர் அயல்நாட்டிலிருந்து திடீரென ஒரு பலகாரம் கப்பலேறி வந்தது போல எழுதியிருந்தது உறுத்தியது.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்தது. சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்கிய கூலியாளுக்கும் குமாஸ்தாவுக்கும் அது இன்னொரு மாகாணம், அவ்வளவுதான். 1871இல் தமிழர் அங்கே கட்டிய காளி கோயில் இன்றும் நிற்கிறது. தோசை அந்த ஊர்த் தெருவோரத் தீனியாகவே ஆகிவிட்டது. இன்னும் பின்னோக்கிப் போனால், பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்துக்காரர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது.

இதற்காக வெள்ளைக்காரர் ஆட்சியைப் புகழ வேண்டியதில்லை. 1930களின் பிற்பகுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்குப் போயிருந்தது. பர்மிய உழவருக்கு வயிறு எரியாமல் இருக்குமா? 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார்; கடைகள் அரசுடைமையாயின; 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாதவையாயின. வட்டிக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாத ஏழைத் தமிழரும் சேர்ந்தே அடிபட்டார்கள். அவர்களில் பலர் வந்து குடியேறியது எங்கள் வியாசர்பாடியில்தான்.

அத்தோவின் செய்முறையும் கட்டுரையில் அரைகுறை. நூடுல்ஸ், முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைய வேண்டும்; கரண்டியால் கிளறினால் புளி ஓரிடம், காரம் ஓரிடம் என்று நிற்கும். மொய்ஞா என்ற இன்னொரு பர்மிய நூடுல்ஸ் உணவுக்கு பர்மாவில் மீன்குழம்பில் வாழைத்தண்டு போடுவார்கள். இங்கே பல கடைகளில் மீன் போய், வாழைத்தண்டு சூப் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு!

பர்மாவில் பிறந்து வளர்ந்து, இன்றும் தங்களுக்குள் பர்மிய மொழியில் பேசிக்கொள்ளும் முதியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒலிப்பதிவு செய்ய முன்வர வேண்டும். அதற்கு முன் தங்கள் நிருபரே ஒருமுறை வரட்டும். காலை பதினொரு மணிக்குள் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.