வெளுத்த பவளம் மீள வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கடல் சூடாவதே அவற்றின் அழிவுக்குக் காரணம் என்று சொல்லி முடிந்திருந்தது. பவளம் நிறமிழந்து வெளுப்பதைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் வெளுத்த பவளம் பிழைக்குமா, மடிந்த இடத்தில் புதியது வளருமா என்ற கேள்விகளுக்கான விடையில் கரையில் இருக்கும் நமக்கும் பங்குண்டு. கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைக் குறித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வெளுத்த பவளத்தின் படத்துக்குக் கீழே ‘இறந்த பவளம்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். பவளம் என்பது கடல் சாமந்திக்கு உறவான சிற்றுயிர். அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, அதற்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அளிக்கின்றன. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைக் காட்டிலும் 1 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகச் சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால், அப்பாசிகளின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, திசுவுக்குக் கேடு செய்யும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் பாசிகளால் வந்தது என்பதால், அவை நீங்கியதும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. உயிர் இருக்கிறது, உணவுதான் இல்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும்.

திரும்பிய வரலாறும் நம்மிடமே உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டட வேலைக்கும் பவளக்கல் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னும் அது நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தீவுகளின் அருமையும் கரையோர மக்களுக்குப் புரிந்த பிறகே, 2005 வாக்கில் அத்தொழில் ஓய்ந்தது. அப்போது பாறைப்பரப்பில் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளத்தின் அளவு, 2009-க்குள் 43 விழுக்காட்டை எட்டியது. 2010 வெளுப்பில் அதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள் பறிபோயின. பின்னர் 39 வரை ஏறி, 2016 வெளுப்பில் 23-க்குச் சரிந்தது. சூடு தணிந்த இடைவெளிகளில் எல்லாம் பாறை தானே எழுந்து வந்திருக்கிறது.

நீர் தூய்மையாக இருந்தால் வெளுப்பே நேராது என்று நான் வாதிடவில்லை. 2016-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், மாசு அண்டாத தொலைதூரப் பாறைகளும் மற்றவற்றைப் போலவே வெளுத்தன. அதன் பிறகு நடப்பது வேறு. மடிந்த பவளத்தின் மேல் வேறு வகைப் பாசி படர்கிறது. அதை மேய்வதற்குக் கிளிமீன் போன்றவை போதிய அளவில் இல்லாவிட்டால், நீரில் மிதந்து வரும் பவள இளவுயிர்கள் பற்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. கழிவுநீர் அந்தப் பாசிக்கு உரமாகிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி வலை கிளப்பிவிடும் சேறு, பாசி இல்லாத பாறையையும் மூடிவிடுகிறது.

இவற்றோடு நாமே கொண்டுவந்து சேர்த்தது கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி. மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட இப்பாசி, குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பது 2008-இல் தெரியவந்தது. அதை வளர்க்கும் மிதவையிலிருந்து அறுந்த ஒரு துண்டு போதும், அதுவே தனிச்செடியாகப் பெருகும். கையால் பிடுங்கினாலும் ஒட்டியிருக்கும் மிச்சத்திலிருந்து மீண்டும் தழைக்கும். பாசி வளர்ப்பை நம்பிப் பாக் விரிகுடாக் கரையில் எத்தனையோ குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், பிழைக்கிறார்கள் என்பதை மறந்து இதை எழுதவில்லை. அவர்களுக்கு உள்ளூர் இனங்களில் விளைச்சல் தரும் வழியைக் கண்டு கொடுப்பது ஆய்வு நிறுவனங்களின் வேலை. மானியத்தோடு அயல் பாசியைப் பரப்பிவிட்டு, பின்னர் வனத்துறையைக் கொண்டு அதைப் பிடுங்க வைப்பது என்ன திட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைச் சுற்றி இறக்கப்பட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளைக் கட்டுரை பெரிதும் புகழ்ந்திருந்தது. அலையின் வேகத்தைக் குறைத்து அத்தீவின் அரிப்பைத் தடுத்ததில் அவற்றின் பயன் உண்மை. ஆயினும் சேறும் பாசியும் மூடினால் கான்கிரீட்டிலும் பவளம் ஒட்டாது.

பவளப் பரப்பைத் தீவுவாரியாக அளக்கும் பணி தூத்துக்குடியில் நெடுங்காலமாக நடக்கிறது. அந்த அளவுகளையும், எந்தெந்தத் தீவில் கப்பாபைகஸ் எவ்வளவு பரவியுள்ளது, எவ்வளவு அகற்றப்பட்டது என்ற கணக்கையும் ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும் முன் வனத்துறை தமிழில் வெளியிட வேண்டும். வெளியிட்டால் அதைத் தங்கள் இதழ் முழுமையாக அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி.