விலையைச் சத்தமாகச் சொல்

திருமங்கலம்
18.8.2024

அன்புள்ள வள்ளி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனின் முதுகுவலி தேவலையா? சின்னவன் பத்தாம் வகுப்புக்காவது ஒழுங்காகப் படிக்கிறானா, இல்லை இன்னமும் விளையாட்டுத்தானா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் நடுவில் "சரி, அப்புறம்?" என்று விரட்டுவாய். இந்த விஷயத்தை விரட்டிச் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

நான் ஆரி வேலை, அதுதான் ப்ளவுஸில் கொக்கி ஊசியால் போடும் கைப் பூவேலை, தொடங்கியது உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போதெல்லாம் பூப்பூவாகப் போட்டு அனுப்புவாய். இப்போது சொல்லப்போவது பூ இல்லாத பகுதி. போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு ஐப்பசியில் கல்யாணமாம். போனில் ஒரு படம் காட்டினார். முதுகுக் கழுத்தில் ஜோடி மயில், இரண்டு கையிலும் முழங்கை வரை ஜர்தோசி என்கிற ஜரிகைச் சுருள் வேலை, நடுவில் நெருக்கமாக ஸ்டோன். "எவ்வளவும்மா ஆகும்?" என்றார். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். "ஐயாயிரத்து ஐந்நூறு, அக்கா. பாதி அட்வான்ஸ்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. வள்ளி, அந்த 'எதுவும் சொல்லாதது' எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத்தான் புரியும். விலையைச் சொன்ன கையோடு, "உங்களுக்கு வேணும்னா பாத்துக் குறைச்சுக்கலாம்" என்று ஒரு வால் சேர்க்கிறோமே, அந்த வால் நம் வீட்டுப் பெண்கள் எல்லோர் நாக்கிலும் குடியிருக்கிறது. எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நாமே நம்மைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம். அன்று அந்த வால் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"டவுன்ல கடையில மூவாயிரத்து ஐந்நூறுக்குப் போட்டுத் தர்றாங்களே?" என்றார் அந்த அம்மா. "அது கம்ப்யூட்டர் எம்பிராய்டரியா இருக்கும்க்கா. இது கையால போடுறது, தொட்டுப் பாருங்க" என்று முடித்து வைத்திருந்த ஒரு ப்ளவுஸைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பினார்.

இன்று வரை வரவில்லை. இனி வருவார் என்றும் நினைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே அதனால்தான். ஆர்டர் வந்த நாளில் வராத தைரியம், ஆர்டர் போன நாளில் வந்தது. என் விலைக்கு ஒருவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதனால் வானம் இடிந்து விழாது என்று என் உடம்புக்கே தெரிந்துவிட்டது.

அந்த 5,500 எப்படி வந்தது என்று கேள். பட்டு நூல், ஜர்தோசி, கட் பீட்ஸ், ஸ்டோன் எல்லாம் சேர்த்து 1,200. வேலை 40 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் வைத்து 3,200. லைனிங், ட்ரேசிங், கடைசியில் மெஷினில் தைப்பது என்று 500. ஊசி முறிவது, கரண்ட், பொருள் வாங்க மதுரைக்குப் போய் வருவது இவற்றுக்கெல்லாம் 600. இதில் எதைக் குறைக்க? என் நேரத்தைத்தான் குறைக்க முடியும். எட்டு மணி நேரம் கழுத்தை மடக்கி உட்கார்ந்தால் 640 ரூபாய். கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு இதைவிட அதிகமாகவே கொடுக்கிறோம், அவரிடம் யாராவது "நமக்குள்ள என்ன?" என்று கேட்கிறோமா?

கூலியே தெரியாமல் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று நான் என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். நம் தெருவில் யார் வீட்டுப் பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் வரும். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் சமையல் நடக்காது, மெஷின் சத்தம்தான். பதிலுக்கு ஒரு கை முருங்கைக்காய், ஒரு கிண்ணம் பாயசம், "நீ இல்லாட்டி என்ன பண்ணுவோம்" என்று ஒரு வார்த்தை. நீயே உன் பட்டுப்பாவாடைக்கு வந்து நின்றவள்தானே! அம்மாவுக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. "காசு கேட்டா மூஞ்சி முறிஞ்சிரும்டி" என்பாள். ஆனால் அந்த உஷா மெஷினுக்குப் பெல்ட் மாற்ற வேண்டும் என்றாலும் அப்பாவிடம்தான் கை நீட்டினாள். ஊருக்கே தைத்தவள் கையில் தையல் காசு என்று ஒன்று இருந்ததே இல்லை. இதை இப்போது நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. திறமை அவளுக்கு என்னைவிடப் பத்து மடங்கு. தன் வேலைக்கு ஒரு தொகை உண்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குச் சொன்னது பயிற்சியில் வந்த அக்கா. நம் பக்கத்தில் 'ஆர்செட்டி' என்று சொல்வார்களே, ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், அங்கேதான் கற்றேன். மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்துகின்றன. முதலில் 1982-இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் உஜிரே என்ற ஊரில் தொடங்கியதாம், அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். ஸ்டாண்டில் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டுவது, ட்ரேசிங் பேப்பரில் ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து டிசைனை இறக்குவது, மேலே வலது கையில் ஊசி, துணிக்குக் கீழே இடது கை நூலை மாட்டிவிடுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் அந்த அக்கா செய்தார். ஒவ்வொருவரையும் எழுப்பி, "உன் ப்ளவுஸ் என்ன விலை? சத்தமாகச் சொல்" என்றார். நம்ப மாட்டாய், அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் குரல் வரவில்லை. ஒருத்தி அழுதேவிட்டாள். நம்ம 'ரேடியோ' டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது போல, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். தன்னம்பிக்கை வந்த பிறகு விலை சொல்லலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. சொல்லிச் சொல்லித்தான் வருகிறது.

வீட்டிலேயே தொழில் என்றால் இன்னொரு தொல்லை. யாருமே அதை வேலை என்று எண்ணுவதில்லை. "வீட்டிலதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வை." "வீட்டிலதானே இருக்க, பிள்ளையைக் கொஞ்ச நேரம் பாத்துக்க." என் சின்ன நாத்தனார் பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நல்லவள்தான், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் என் 160 ரூபாய். கடைசியில் வாசல் கதவில் 'வேலை நேரம் 10 முதல் 1 வரை, 2.30 முதல் 5 வரை' என்று எழுதி ஒட்டினேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் "அவ வேலையில இருக்கா, அப்புறம் வா" என்று அவரே சொல்வது காதில் விழுந்தது. அன்று நான் போட்ட பூ இதழ்கள் எல்லாம் தனி அழகு, போ!

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "உன்னை மாதிரி எனக்குத் தைரியம் இல்லடி, என் நார்த்தங்காய் ஊறுகாயை யார் காசு கொடுத்து வாங்குவா?" என்று கேட்டாயே, அது எனக்கு நிஜமாகவே கோபம் வரவழைத்தது. உன் ஊறுகாய்க்குக் காசு கொடுக்க மாட்டார்களா? உன் அண்ணி ஒவ்வொரு தடவையும் மூன்று பாட்டில் தூக்கிக்கொண்டு போகிறாளே, அது பிடிக்காமலா? ஓசியில் கொடுத்தால் எல்லோருக்கும் பிடிக்கிறது, விலை சொன்னால்தான் யாருக்குப் பிடிக்கிறது என்று தெரியும்.

நீ அனுப்பிய அந்த பாட்ரிசியா நாராயண் வீடியோவையும் பார்த்தேன். 1982-இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டு முதல் நாள் ஒரே ஒரு காபி விற்றவர், அதுவும் ஐம்பது பைசாவுக்கு. பிறகு ஓட்டல்கள் நடத்தி, 2010-இல் ஃபிக்கி என்கிற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் விருது வாங்கினார். நீ அந்த விருதைப் பார்த்து மலைத்துப் போய்விட்டாய். நான் பார்த்தது அந்த மறுநாள் காலையை. ஒரு காபி மட்டும் விற்ற வண்டியை மறுநாளும் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனாரே, அந்த மறுநாள் மட்டும்தான் உனக்கும் எனக்கும் வேண்டியது. விருதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலையைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். சாப்பிடும் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் ஒரு பாட்டில்கூட விற்காதே. நம்மைப் போலச் சின்ன அளவில் விற்பவர்களுக்குச் சாதாரணப் பதிவு போதும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதை லேபிளில் போட வேண்டும். கூடவே என்னென்ன சேர்த்தாய், எடை எவ்வளவு, எந்த தேதியில் செய்தது, எதுவரை நன்றாக இருக்கும், உன் முகவரி, விலை, சைவம் என்பதற்கான பச்சைப் பொட்டு எல்லாம் வேண்டும். சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவும் செய்துவிடு. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், அரசு தளத்தில் அது முழுக்க இலவசம். அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தளங்கள் இருக்கின்றன, அங்கே போய்ப் பணத்தைக் கொட்டாதே. உங்கள் மாவட்ட ஆர்செட்டியிலும் ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி சேர்த்துப் பயிற்சி நடக்கிறதா என்று கேள். வயது வரம்பு எவ்வளவு என்றும் கேட்டுக்கொள். நமக்கு இன்னும் வயது இருக்கிறது, தாயே!

கடன் உடனே வேண்டாம். முத்ரா என்கிற அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும், அது எங்கேயும் ஓடிவிடாது. முதலில் இருக்கிற சட்டியில், இருக்கிற அடுப்பில், ஒரு சின்ன அளவு போடு. ஆனால் தனியாக ஒரு வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். ஊறுகாய்க் காசு மளிகைக் காசோடு கலந்தால் லாபமா நஷ்டமா என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

பாட்டில் 80 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றாயே, எப்படி வந்தது அந்த 80? காய், நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் போட்டிருப்பாய். கண்ணாடி பாட்டில், லேபிள், கேஸ், கூரியருக்குச் சுற்றும் அட்டை, வழியில் உடைகிற பாட்டில், இவற்றைப் போட்டாயா? நறுக்கி, உப்பில் ஊறவைத்து, தினமும் குலுக்கி, வெயிலில் வைத்து எடுக்கிற உன் நேரத்தைப் போட்டாயா? எலுமிச்சை போடுகிற எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். கோடையில் அதன் விலை எங்கே போகும் என்று உனக்கே தெரியும். மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் போட்டு வைத்துவிட வேண்டும், விலையை மட்டும் வருஷம் முழுக்க ஒன்றாக வை. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டு. வருகிற எண் எதுவோ அதுதான் விலை. உன் மனசு கூசுவதற்காக அந்த எண் மாறாது. கூட்டிப் பார்த்திருப்பதால்தான் வாய் தைரியமாகச் சொல்லும். என்னிடம் அன்று நோட்டு இல்லாமல் போயிருந்தால் 3,500 என்று கேட்டதும் தலையாட்டியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

சொந்தக்காரர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். வருஷத்துக்கு ஒரு பாட்டில் அன்பளிப்பு, இரண்டாவது பாட்டிலிலிருந்து காசு. முதலில் உன் அண்ணியிடமே தொடங்கு. அவளிடம் சொல்ல வந்துவிட்டால் அப்புறம் ஓசூர் முழுக்கச் சொல்லலாம்.

ஆவணி பிறந்துவிட்டது. ஆடியில் சும்மா கிடந்த ஸ்டாண்டில் இப்போது இரண்டு துணி கட்டியிருக்கிறேன். நாளைக்கு மதுரைக்குப் போய் ஜர்தோசி வாங்க வேண்டும். மீனாட்சி கோயில் எதிரே இருந்த புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், பார்த்தாயா? நாம் ரிப்பனுக்காகச் சண்டை போட்ட அந்தத் தூண் பக்கம் இப்போது வெறிச்சென்று கிடக்கிறது. அடுத்த தடவை நீ வரும்போது கூட்டிப்போகிறேன்.

எனக்கு நார்த்தங்காய் இரண்டு பாட்டில் அனுப்பு. பில்லோடு அனுப்பு. பாட்டில் விலை, கூரியர் தனியாக, உன் கையால் எழுதியிருக்க வேண்டும். வந்த அன்றே ஜிபேயில் போட்டுவிடுகிறேன். பில் இல்லாமல் வந்தால் பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன், பிள்ளையார் சத்தியம்.

அன்புடன்,
தேவி

பி.கு: மகளின் சடங்குக்கு ப்ளவுஸ் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாயே, அளவு ப்ளவுஸும் துணியும் அனுப்பு. விலை 2,800. அட்வான்ஸ் 1,400.