செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து அப்பாவுக்கு

செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து
16 நவம்பர் 2025

அன்பும் மதிப்பும் மிக்க அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதாகத் தம்பி சொன்னான். மாத்திரையை நிறுத்தும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மாமா கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: "இங்கிலீஷ்காரன் ஊருக்கே போய் இங்கிலீஷ் இலக்கியத்தில் ஆராய்ச்சியா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக இருக்கிறதே!" அவருக்கு நேரில் பதில் சொல்லத் தைரியம் போதாது என்பதால் உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவதாக, இது இங்கிலீஷ்காரன் ஊரே அல்ல. இந்த ஊர்க்காரர்களை அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். வட கடலின் ஓரத்தில், 1413 இல் முறையாக நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தையும் இடிந்து நிற்கும் பேராலயத்தையும் சுற்றி வளர்ந்த சிற்றூர் இது. வெளி உலகம் இதை கோல்ஃப் விளையாட்டுக்காக அறியும். இப்போது மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊரான லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். குளிரையும் சமையலையும் பற்றி அம்மாவிடம் தொலைபேசியில் நிறையச் சொல்லிவிட்டேன். ஆகவே மாமாவின் கேள்விக்கே வருகிறேன்.

ஆங்கில இலக்கியம் என்பதைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கத்தக்க பாடமாக முதலில் ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1894 இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜில் அது 1917 வரை தாமதித்தது. அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1762 இல், எடின்பரோவில் ஹியூ பிளேர் என்ற பாதிரியார் அணியிலக்கணத்துக்கும் நல்லிலக்கியத்துக்குமான பேராசிரியராக அரசரின் ஆணையால் அமர்த்தப்பட்டிருந்தார். அவருக்கும் முன்னோடியாக, பொருளாதாரத்தின் தந்தை என்று நாம் படித்த ஆடம் ஸ்மித், 1748 முதல் அதே நகரில் இலக்கிய நடையைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருந்தார். இந்த ஊரிலும் ராபர்ட் வாட்சன் என்ற பேராசிரியர் அதே பாடத்தை நடத்தினார். 1773 இல் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் இங்கு வந்தபோது தங்கியது அவருடைய வீட்டில்தான்.

ஏன் ஸ்காட்லாந்தில்? 1707 இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு, லண்டனில் பதவியும் வாணிபமும் பெற விரும்பிய ஸ்காட்டியருக்குத் தம் வீட்டுப் பேச்சு இடையூறாகத் தோன்றியது. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்டியப் பிரயோகங்களைப் பட்டியலிட்டு 1752 இல் வெளியிட்டார்; அவர் சாகும் தறுவாயில் பாவங்களை விட்டுவிட்டு அந்தப் பிரயோகங்களுக்காகத்தான் மன்னிப்புக் கேட்டார் என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். 1761 இல் தாமஸ் ஷெரிடன் என்ற நடிகர் எடின்பரோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பேசியபோது சுமார் 300 கனவான்கள் கட்டணம் செலுத்திக் கேட்டார்கள். அந்த ஷெரிடன் அயர்லாந்துக்காரர் என்பதை மாமாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஊசி விற்கும் தொழில் இங்கே நெடுங்காலமாக நடந்துவருகிறது.

பிளேரின் சொற்பொழிவுகள் 1783 இல் நூலாக வந்தன. அதில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த உரைநடையாளர் என்று போற்றப்பட்ட ஜோசப் அடிசனின் கட்டுரைகளை அவர் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, இந்தச் சொல் இங்கே மிகை, இந்தத் தொடர் இடம் மாறியிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டே போகிறார். முதலில் படித்தபோது நீங்கள் பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையால் திருத்தியதுதான் நினைவுக்கு வந்தது. தாய்மொழியாக ஆங்கிலம் பேசாதவர்களுக்குப் பாடம் நடத்தவே இந்த நுணுக்கமான வாசிப்பு முறை உருவானது என்பது என் ஆய்வின் அடிப்படை. இது முழுக்க என் கண்டுபிடிப்பு அன்று. இதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கவிஞரும் பேராசிரியருமான ராபர்ட் கிராஃபோர்ட் 1990களிலேயே இதை வலியுறுத்தினார். ஆங்கில இலக்கியக் கல்வி இங்கிலாந்தில் வேரூன்றும் முன்பே இந்தியாவில் ஆட்சியின் கருவியாக உருப்பெற்றது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989 இல் விரிவாக எழுதினார். இந்த இரண்டு வாதங்களுக்கும் இடையே ஓடும் பாதையில், குறிப்பாக ஸ்காட்லாந்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையில், யார் எதைச் சுமந்து சென்றார்கள் என்பதைத் தேடுவதே என் வேலை.

அப்படிச் சுமந்து சென்றவர்களில் ஒருவருடைய பெயர் இந்த ஊரில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிறது. ஆண்ட்ரூ பெல், 1753 இல் இங்கே முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். இந்தியாவுக்குக் கப்பலேறி 1787 இல் சென்னைக்கு வந்து, பல பட்டாளங்களின் பாதிரிப் பதவிகளை ஒரே நேரத்தில் வகித்துச் சம்பளங்களைச் சேர்த்தார் (இந்தச் சாமர்த்தியம் நம் ஊர் அலுவலகங்களுக்கும் புதிதல்ல). 1789 இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை வளர்த்த இடம் அது. நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்த பெல், அதைத் தம் காப்பகத்தில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார்; அவன் கற்றுக்கொடுத்துவிட்டான். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை பெல் 1797 இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. வேர்ட்ஸ்வொர்த், சதே, கோல்ரிட்ஜ் ஆகிய கவிஞர்கள் மூவரும் பெல்லின் ஆதரவாளர்கள் ஆனார்கள். கோல்ரிட்ஜ் 1808 இல் ஆற்றிய சொற்பொழிவில், பெல்லின் போட்டியாளரான ஜோசப் லங்காஸ்டர் கையாண்ட தண்டனைகளைக் கடுமையாகச் சாடினார்.

பெல் திரட்டிய செல்வத்தின் பெரும்பகுதி கல்விக்கே சென்றது. இந்த ஊரின் தெற்குத் தெருவில், பழைய மடாலயத்தின் இடிந்த சுவருக்குப் பின்னால், 1833 இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். 2021 இல் அது ஊரின் மேற்கு ஓரத்திலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. முதுகில் 'மெட்ராஸ்' என்ற பொறிப்போடு பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சிரிப்பின் காரணத்தை இவர்களுக்கு விளக்குவது எளிதல்ல. அவருடைய நிதியிலிருந்தே 1876 இல் எடின்பரோவிலும் இங்கும் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. நீங்கள் பி.எட். படித்தபோது மனப்பாடம் செய்த கற்பித்தல் கோட்பாடுகளின் ஒரு கிளை அந்த நாற்காலிகளில் முளைத்தது.

வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பியிருந்தாரே, பிரிட்டனின் கல்வி முறை முழுவதும் நம் திண்ணைப் பள்ளியிலிருந்து திருடப்பட்டது என்று, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணலில் எழுதும் வழக்கத்தை இந்தியப் பள்ளியில் கண்டே எடுத்துக்கொண்டதாக பெல் தாமே எழுதியிருக்கிறார்; மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகக் கோரினார். சட்டாம்பிள்ளை வைத்துப் பள்ளி நடத்தும் வழக்கம் நம்மிடம் பழையது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814 இல் வங்காளத்துக்கு அனுப்பிய மடலில், இந்திய ஆசிரியர்களின் முறைதான் பெல்லின் வழியாகத் தம் நாட்டுக்கு வந்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் எடுத்துச் சென்றதை அவர் என்னவாக மாற்றினார் என்பதையும் கவனிக்க வேண்டும். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படித்தான். பெல்லின் முறையிலோ ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை வரிசைப்படுத்திக் குறைந்த செலவில் படிக்க வைப்பதே நோக்கம் ஆனது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்பிப்பதே தேவையற்றது என்ற கருத்தை 1805 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே முன்வைத்தார். ஆகவே பெருமைப்படுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் சித்தப்பா கொஞ்சம் பொறுக்கலாம். தாமஸ் மன்றோ (அவரும் ஸ்காட்லாந்துக்காரரே) எடுத்த கணக்கின்படி 1826 இல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றின் கதையைத்தான் நாம் அதிகம் எழுதவில்லை.

இந்தியாவில் ஆங்கிலவழிக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் 1835 ஆம் ஆண்டுக் குறிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய தந்தையும் ஸ்காட்டியர் என்பதையும், கல்கத்தாவில் 1830 இல் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் டஃப் இதே செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தவர் என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஆங்கிலம் பட்டப்படிப்பின் முதுகெலும்பாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அப்போது அதற்குத் தனிப் பட்டமே இல்லை. சென்னையில் முதலில் பி.ஏ. தேறியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆங்கிலத் தேர்வில் வென்ற அதே மனிதர்தான் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுக்குத் தந்தார். மெக்காலே எதிர்பார்த்த விளைவு இதுவாக இருந்திருக்க முடியாது. என் மேற்பார்வையாளருக்கு இந்தச் செய்தி புதிது; தனி அத்தியாயமாக எழுதச் சொல்லிவிட்டார்.

இங்கே முனைவர் பட்டத்துக்கு வகுப்புகள் கிடையாது. மேற்பார்வையாளரைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சந்தித்து, முன்னதாகவே அனுப்பிய பக்கங்களைப் பற்றி விவாதிக்க வேண்டும். ஆய்வேடு 80,000 சொற்களைத் தாண்டக் கூடாது. எழுதிய அத்தியாயத்தைப் புகழ்ந்துவிட்டு, இறுதியில், "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று மென்மையாகக் கேட்பார், அந்த மென்மையில்தான் எனக்கு வியர்க்கும். இளங்கலை மாணவர்களுக்குச் சிறு குழுக்களாக வகுப்பும் எடுக்கிறேன். ஒரே கவிதையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு அவர்கள் வாதிடுவதைக் கேட்பது இன்பமாக இருக்கிறது. ஆனால் மனப்பாடமாக நாலு வரி சொல்லச் சொன்னால் திகைத்துப்போகிறார்கள். இந்த விஷயத்தில் உங்கள் கட்சியே சரி என்பது என் எண்ணம்.

இந்த ஊர் அமைந்த ஃபைஃப் பகுதிப் பிள்ளைகள் சிலர் வகுப்பில் திருத்தமான ஆங்கிலத்தில் பேசிவிட்டு, வாசலைத் தாண்டியதும் ஸ்காட்ஸ் மொழிக்கு மாறிவிடுகிறார்கள். தம் தாத்தா பாட்டி அதைப் பள்ளியில் பேசியதற்காக அடி வாங்கினார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவதாகப் பதிவு செய்தார்கள். இந்த ஆண்டுதான் கேலிக் மொழிக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் அதிகாரபூர்வ மொழி என்ற தகுதியைத் தரும் சட்டத்தை இந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஹியூமின் பட்டியலுக்குப் பிறகு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் அரிய ஏடுகளைப் பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்த வாசக அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. இவற்றில் எனக்கு மிகவும் பயன்படுபவை பேராசிரியர்களின் நூல்கள் அல்ல. அவர்களுடைய மாணவர்கள் வகுப்பில் எழுதி வைத்த நோட்டுகளே. ஆடம் ஸ்மித் 1790 இல் இறப்பதற்கு முன் தம் கையெழுத்துப் படிகளை எரிக்கச் செய்துவிட்டார். இலக்கிய நடையைப் பற்றி அவர் பேசியது மறைந்தே போயிற்று என்று எல்லாரும் எண்ணியிருக்க, 1958 இல் அபர்தீன் அருகே ஒரு நாட்டுப்புற மாளிகையின் பழைய நூல்கள் ஏலத்துக்கு வந்தபோது, 1762–63 இல் கிளாஸ்கோ மாணவர் எழுதிய குறிப்புகள் ஜான் லோத்தியன் என்ற பேராசிரியரின் கையில் கிடைத்தன. இன்று நாம் படிப்பது அந்த மாணவர் எழுதியதைத்தான்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தாத்தா கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தபோது எழுதிய ஷேக்ஸ்பியர் குறிப்பு நோட்டுகள் பரணில், பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் பரணைக் காலி செய்யப் போவதாக அம்மா சொன்னார். அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். பூச்சி அரித்த பக்கங்களையும் பிரிக்காமல், தம்பியை விட்டு அட்டை முதல் அட்டை வரை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; ஓரத்தில் தமிழில் எழுதியிருப்பவற்றை அவன் விட்டுவிடுவான், அவையே எனக்கு முக்கியம். திண்ணைப் பள்ளியில் தாத்தாவுக்கு மணலில் எழுத்துப் பிடித்துக் கொடுத்தது வாத்தியாரா, சட்டாம்பிள்ளையா என்பது பெரிய அத்தைக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள்.

தீபாவளிப் பலகாரம் தஞ்சாவூர்த் தோழி மூலம் வந்து சேர்ந்தது. முறுக்கு உடைந்திருந்தாலும் ஒன்று விடாமல் தீர்ந்துவிட்டது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
மீனாட்சி